பொதியின்மேல் தமிழ் எங்கே?



எகிப்து நாட்டின் செங்கடற் கரையில் குசேர் அல்-கதீம் என்னும் பழந்துறை ஒன்று உண்டு. அங்கு அகழாய்வு செய்தோர்க்குக் கொள்கலம் ஒன்றன் உடைந்த ஓடு கிடைத்தது. அவ்வோட்டின்மேல் தமிழி எழுத்தில் 'பானை ஒறி' என்னும் இரு சொற்கள் கீறப்பட்டிருந்தன. ஒறி என்பது உறி. பானையைத் தாங்கித் தொங்கவிடும் கயிற்றுப் பின்னல். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முந்திய அவ்வெழுத்தைப் படித்துப் பொருள்கண்டு 2007-இல் வெளியிட்டவர் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். கடல் கடந்து வேற்றுமொழி வழங்கும் மண்ணிற்குச் சென்ற தமிழ் வணிகனும் தன் கலத்தின்மேல் தன் எழுத்தை இட்டே வைத்தான் என்பதற்கு அவ்வோடு சான்று.

உள்நாட்டுச் சான்றும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் உல்கு என்னும் சுங்கம் கொள்வோர், வந்து குவிந்த பொதிகளின்மேல் சோழனின் புலிப்பொறியை இட்டதைப் பட்டினப்பாலை கூறும். அந்நகரில் கிடந்த பொதிகள் வணிகர்தம் பெயரும் எண்ணும் பொறித்த எழுத்துடையனவாய் இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறும். அவ்வெழுத்துக்குக் கண்ணெழுத்து என்பது அந்நூல் வழங்கும் பெயர். இன்று ஆலைத்தார் தம் பண்டத்தின் உறைமேல் ஒட்டும் சீட்டுக்கும், அச்சிடும் செய்திக்கும் இதனினும் பொருத்தமான பெயர் வேறொன்று தேட வேண்டுவதில்லை. பெயர் இருக்கிறது, எழுத்துத்தான் இல்லை.

மதுரையிலோ மன்னார்குடியிலோ ஏதேனும் ஒரு மளிகைக்கடையின் தட்டுகளை நோக்குங்கள். கடலையெண்ணெய் நெகிழிப் பையில் இருக்கிறது. ஊறுகாய் நெகிழிப் புட்டியில் இருக்கிறது. மிளகுத்தூளும் மஞ்சள்தூளும் பளபளக்கும் சிற்றுறைகளில் தோரணம்போல் தொங்குகின்றன. முன்னாளில் இவற்றை வாங்க வந்தவர் கடைக்காரரிடம் ஐந்து வினாக்களை வினவினார். உள்ளிருப்பது யாது? எவ்வளவு? எந்நாளிற் செய்தது, எந்நாள்வரை தாங்கும்? செய்தவர் யார்? விலை என்ன? கடைக்காரர் வாயால் விடை சொன்னார். ஐயமிருந்தால் மூட்டையைப் பிரித்துக் காட்டினார். அள்ளி முகர்ந்து பார்க்கவும், இரு விரலால் தேய்த்துப் பார்க்கவும் விட்டார். பொருளே தன்னைப்பற்றிச் சொல்லிற்று. காற்றும் புகாதபடி ஒட்டி மூடிய நெகிழியுறை வந்தபின் மூக்குக்கும் விரலுக்கும் அங்கு வேலை இல்லை. எஞ்சியது கண் ஒன்றே. கண்ணுக்கு எஞ்சியது எழுத்து ஒன்றே. ஆகலின் பொதிசெய்யும் நுட்பம் வளர வளர, அப்பொதியின்மேல் எழுதப்படும் மொழியின் பொறுப்பும் உடன்வளர்கின்றது என்க. அந்தப் பொறுப்பு இன்று தமிழிடம் இல்லை. ஆங்கிலத்திடமும் இந்தியிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

நெகிழி என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நெகிழ் என்னும் வினையடியாகப் பிறந்தது அது. சூட்டில் இளகி, வேண்டிய வடிவுக்கு இசைந்து, குளிர்ந்தபின் அவ்வடிவிலேயே நிற்கும் தன்மையை அச்சொல்லே சொல்லிவிடுகிறது. பிளாசுடிக்கு என்று தமிழெழுத்தைக் கூட்டி எழுதுவோர்க்கு ஒலி கிடைக்கும், பொருள் கிடைக்காது. இங்கிலாந்தின் நார்த்விச்சு ஊரில் 1933-இல், வேறொன்றைத் தேடி உயரழுத்தத்தில் செய்த ஆய்வொன்றில் எதிர்பாராது கிடைத்த வெண்மெழுகு போன்ற பொருளே பாலித்தீன். வளியடைத்த குடிநீர்மங்களின் அழுத்தம் தாங்கும் நெகிழிப் புட்டிக்கு அமெரிக்கர் நத்தானியேல் வையத்து 1973-இல் காப்புரிமை பெற்றார். இவை பிறர் கண்டவை.

தமிழ்மண்ணில் கண்டதும் ஒன்று உண்டு. கடலூர்ச் சின்னி கிருட்டிணன் என்பார், செல்வர் வாங்குவதை ஏழையும் வாங்க வேண்டும் என்னும் எண்ணத்தால், பெரும்புட்டிகளில் விற்ற பண்டங்களைச் சிற்றளவாகப் பிரித்து விற்கும் வழி தேடினார். தலைமுழுகும் சாம்புவைச் சிறு நெகிழியுறையில் அடைக்கும் முறைக்கு இந்நாட்டில் முன்னோடி ஆனார். அவர் மகன் அரங்கநாதன் 1983-இல் 15,000 உருபா முதலிட்டுச் 'சிக்' சாம்புவைத் தொடங்கினார். இன்று இந்தியா முழுதும் பெட்டிக்கடைதோறும் சரஞ்சரமாகத் தொங்கும் சிற்றுறைக்குக் கடலூரில் ஒரு வேர் உண்டு என்பது தமிழர் பெருமிதம் கொள்ளத்தக்கது. ஒன்றைமட்டும் நினைவிற் கொள்ளுங்கள். அப்பண்டத்தை ஊர்ப்புறங்களில் பரப்பியபோது, உறையைக் கையிற் கொடுத்ததோடு அமையவில்லை. மக்கள் முன்னிலையில் ஒரு சிறுவனின் தலையை முழுக்காட்டி எப்படிப் பயன்படுத்துவது என்று நேரிற் காட்ட வேண்டியதாயிற்று. புதுப்பண்டம் ஒன்று வந்தால் அதனை விளக்க யாரேனும் உடன்வர வேண்டும். ஆள் எல்லா ஊருக்கும் வர இயலாது. வரக்கூடியது எழுத்து.

அச்சிற்றுறை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்தால் வியப்பு மிகும். தாளைவிட மெல்லிய அவ்வுறை பெரும்பாலும் ஒரே படலம் அன்று. வெளியே கண்ணாடிபோல் தெளிந்த வலிய படலம் ஒன்று. நடுவே ஒளியையும் காற்றையும் தடுக்கும் மாழைப் படலம். உள்ளே சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பாலித்தீன். எழுத்து அச்சிடப்படுவது வெளிப்படலத்தின் புறத்தே அன்று, அதன் அகத்தே. கண்ணாடியிற் காண்பதுபோல் இடவலமாகத் திருப்பி அச்சிட்டு, அதன்மேல் அடுத்த படலத்தை ஒட்டிவிடுவர். ஆகவே எத்துணைக் கைமாறினும், நீர்பட்டாலும், எழுத்து அழிவதில்லை. வார்ப்படத்துக்குள் முன்னரே சீட்டை வைத்துவிட்டு, இளகிய நெகிழியை உட்செலுத்திச் சீட்டும் கலமும் ஒன்றேயாகச் செய்யும் முறையும் உண்டு. சூடு காட்டினால் சுருங்கிப் புட்டியின் உடலோடு சட்டைபோல் ஒட்டிக்கொள்ளும் உறையும் உண்டு. ஒவ்வோர் ஆலைக்கும், ஒவ்வொரு பண்டத்துக்கும், கேட்ட வடிவில் கேட்ட நிறத்தில் கலம் வார்த்துத் தரும் காலம் இது. கேட்ட மொழியில் எழுதித் தருவதற்கு மட்டும் காலம் வரவில்லையா?

வரவில்லை என்று சட்டம் சொல்கிறது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின்படி, பொட்டலத்தின்மேல் கட்டாயம் குறிக்க வேண்டிய செய்திகள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலேனும், ஆங்கிலத்திலேனும் இருத்தல் வேண்டும். பிறமொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதற்குத் தடையில்லை. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டுச் சீட்டு ஒழுங்குமுறைகளும் அதே பாட்டைத்தான் பாடுகின்றன. 2016-ஆம் ஆண்டில் வந்த நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளோ இன்னும் ஒருபடி மேலே சென்று, நெகிழிப் பையின்மேல் செய்தோர் பெயரும் பதிவெண்ணும் தடிப்பும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட வேண்டும் என்றே எழுதின. தடையில்லை என்னும் சொல்லை உற்று நோக்குங்கள். வீட்டுக்காரனைப் பார்த்து, நீயும் திண்ணையில் அமரலாம், தடையில்லை என்று விருந்தாளி சொல்வது போன்றது அது.

கடையின் பெயர்ப்பலகைக்குத் தமிழ்நாட்டில் விதி உண்டு. தமிழ் முதலிடம் பெற வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியன 5:3:2 என்னும் அளவில் அமைய வேண்டும். பலகையைக் கடந்து உள்ளே காலெடுத்து வைத்தால் தமிழுக்கு விதி இல்லை. வாயிலில் ஐந்து பங்கு பெற்ற மொழிக்குத் தட்டின்மேல் பங்கே இல்லை! இதற்கு ஏது யாதெனில், எடையும் அளவும் பற்றிய ஆட்சி ஒருகாலத்தில் மாநிலப் பட்டியலில் இருந்தது. அளவைகளின் தரத்தை வரையறுப்பது மட்டுமே நடுவணரசின் உரிமை. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல், அரசமைப்பின் 42-ஆம் திருத்தம் கல்வியையும் காட்டையும் மாநிலங்களிடமிருந்து எடுத்துப் பொதுப்பட்டியலில் வைத்தபோது எடையளவையும் உடன் எடுத்துச் சென்றது. கல்வி போனதைப் பற்றித் தமிழ்நாட்டு மேடைகள் அரை நூற்றாண்டாகப் பேசுகின்றன. தராசு போனதைப் பேசியோர் மிகச் சிலரே. ஒரு கல்லெண்ணெய்ப் புட்டியின்மேல் எம்மொழி நிற்க வேண்டும் என்பதைச் சென்னையில் இருந்துகொண்டு தனித்து முடிவுசெய்ய இயலாத நிலை அவ்வழி வந்தது.

அந்நிலையின் உண்மை உருவம் 2023 மார்ச்சுத் திங்களில் வெளிப்பட்டது. தயிர்ப் பைகளின்மேல் 'தகி' என்னும் இந்திப் பெயரை முதன்மையாக இட்டு, அவ்வம் மாநிலச் சொல்லை அடைப்புக்குறிக்குள் வைக்கலாம் என்று உணவு ஆணையம் அறிவுறுத்திற்று. தயிர் என்னும் சொல் தமிழர் நாவிற் சங்ககாலம் தொட்டு வழங்குவது. அதனைத் தமிழ்நாட்டிலேயே, தமிழ்நாட்டுப் பாலிற் செய்து, தமிழ்நாட்டார் வாங்கும் பையின்மேல் அடைப்புக்குறிக்குள் அடைக்க ஓர் ஆணை! தமிழகமும் கருநாடகமும் கிளர்ந்தன. முதலமைச்சர் மு.க. இசுடாலின் மார்ச்சு 29-இல் வெளிப்படையாகக் கண்டித்தார். மறுநாளே ஆணையம் தன் ஆணையைத் திருத்திற்று. பலரும் வெற்றி என்று மகிழ்ந்தனர், மகிழ்ந்ததில் தவறில்லை. ஆயினும் திருத்திய ஆணையை எழுத்தெண்ணிப் படித்தவர் எத்தனை பேர்? அதில் சொல்லப்பட்டது, தயிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுதி, அதன்பின் அவ்வப்பகுதியில் வழங்கும் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே. இந்திக்கு அருகே அடைபட்டிருந்த தயிர், ஆங்கிலத்துக்கு அருகே அடைபட்டது. குறி அகலவில்லை, அண்டைவீட்டார் மட்டும் மாறினர்.

தாய்மொழியிற் பொதி எழுதுவது இயலாத செயல் என்று யாரேனும் சொன்னால், நடுவணரசின் மற்றொரு விதியையே எடுத்துக் காட்டுங்கள். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் என்ன சொல்கின்றன? பூச்சிமருந்துக் கலத்தின்மேல் ஒட்டும் சீட்டும், உடன்வைக்கும் துண்டறிக்கையும் இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு, அது விற்கப்படும் பகுதியில் வழங்கும் ஒன்றோ இரண்டோ மொழிகளிலும் அச்சிடப்பட வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்கின்றன. உழவன் படித்தறியாவிடின் உயிர் போகும் என்பதை அவ்விதியை வகுத்தோர் உணர்ந்திருந்தனர். அப்படியானால் உண்மை யாது? நஞ்சு விற்கும்போது மக்கள்மொழி வேண்டும். பாலும் பருப்பும் விற்கும்போது வேண்டா! கடலைக் கலப்பு ஒவ்வாத குழந்தைக்கும், சருக்கரை நோயுற்ற முதியவர்க்கும், உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்தவர்க்கும் உறைமேல் எழுதிய சேர்பொருட் பட்டியல் எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணிப் பாருங்கள்.

எழுத்துக்கு மாற்றாக நிறமும் குறியும் போதும் என்பாரும் உளர். அதற்கும் அந்தப் பூச்சிமருந்துக் கலமே விடை தருகிறது. அதன் சீட்டில் சாய்ந்த கட்டம் ஒன்று உண்டு. கடுநஞ்சுக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், அதற்கடுத்ததற்கு நீலம், குறைந்த நஞ்சுக்குப் பச்சை என்று கட்டத்தின் கீழ்ப்பாதி நிறம் பெறும். உணவுப் பொட்டலத்தின்மேல் பச்சைப் புள்ளி இருந்தால் அது மரக்கறி உணவு என்று பொருள். ஒரே பச்சை ஓரிடத்தில் உண்ணலாம் என்கிறது. மற்றோரிடத்தில் நஞ்சு என்கிறது. எழுத்தின் துணையில்லாத நிறத்தை நம்பி ஒரு குடும்பம் வாழ முடியுமா?

பொறிக்கோ இத்தகைய இடர்ப்பாடு எதுவும் இல்லை. 1974 சூன் 26-இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டிராய் ஊர்க் கடையொன்றில் ஒரு மெல்லுபசைப் பொட்டலத்தின் பட்டைக்குறியைப் பொறி முதன்முறை படித்தது. அன்றுதொட்டு உலகின் ஒவ்வொரு பொதியிலும் பொறிக்கென ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவிற் பதிந்த பண்டங்களின் பட்டைக்குறி 890 எனத் தொடங்கும். நெகிழியின் வகையைக் கழிவு பிரிப்போர்க்குச் சொல்ல, முக்கோண அம்புகளுக்குள் 1 முதல் 7 வரை எண்ணிடும் முறையும் 1988-இல் வந்தது. பொறிக்கு இடம் உண்டு. கழிவுக்கு இடம் உண்டு. வாங்கி உண்ணும் தமிழனுக்குத்தான் உறையில் இடம் போதவில்லையாம். நடிகரின் முகத்துக்கு முக்காற்பங்கு உறையை ஈந்தோர் சொல்லும் சொல் இது!

உலகில் பிற இனத்தார் என்ன செய்தனர் என்று பாருங்கள். கனடா நாட்டின் கியூபெக்கு மாநிலம் 1977-இல் இயற்றிய பிரஞ்சுமொழி உரிமைச் சட்டம், அங்கு விற்கும் பண்டத்தின் மேலும், கலத்தின் மேலும், உறையின் மேலும் பிரஞ்சு இருந்தே ஆக வேண்டும் என்றது. பிறமொழி உடனிருக்கலாம், ஆனால் பிரஞ்சைவிட மேலோங்கி நிற்றல் கூடாது என்றது. அது தனிநாடு அன்று. ஓர் ஒன்றியத்துள் அடங்கிய மாநிலம் என்பதை மறவாதீர். 1994-இல் பிரான்சு நாடும் பண்டங்களின் விளக்கங்கள் பிரஞ்சில் இருக்க வேண்டுமெனச் சட்டம் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் வகுத்த உணவுச்செய்தி ஒழுங்குமுறை, பண்டம் எந்நாட்டில் விற்கப்படுகிறதோ அந்நாட்டு நுகர்வோர்க்கு எளிதில் விளங்கும் மொழியிற் சீட்டு இருக்க வேண்டும் என்று விதித்து, எம்மொழி என்பதை உறுப்புநாடுகளே முடிவுசெய்ய விட்டது. ஒன்றியம் என்றால் அது ஒன்றியம்! அவ்வொன்றியமே 2004-இல் மருந்துப் பெட்டியின்மேல் மருந்தின் பெயரைக் கண்பார்வையற்றோர் தடவிப் படிக்கும் புள்ளியெழுத்திலும் பொறிக்க வேண்டும் என ஆணையிட்டது. பார்வையில்லாதவர் விரலுக்கும் அங்கு எழுத்து உண்டு.

இனி, ஆலைத்தார் கூறும் தடைக்கு வருவது முறை. அவர்கள் சொல்வது முழுப்பொய் அன்று. நெகிழிப் படலத்தில் அச்சிடுவது பெரும்பாலும் குழிவச்சு முறையால். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு செப்புருளை வேண்டும். அதன்மேல் நுண்குழிகள் செதுக்கி, குழிகளில் மை நிறைத்து, மிகுந்ததை வழித்துவிட்டுப் படலத்தில் ஒற்றுவர். ஏழெட்டு நிறமென்றால் ஏழெட்டு உருளை. உருளை செதுக்கச் செலவு மிகுதி. மாநிலத்துக்கொரு மொழியென்றால் மாநிலத்துக்கொரு தொகுதி உருளையா என்று கேட்கின்றனர். கேள்வி செவ்விது, விடையும் எளிது. பூவும் பழமும் பொலியும் படமெல்லாம் எல்லா மாநிலத்துக்கும் பொது. மாறுவது எழுத்து மட்டுமே. எழுத்து முழுவதையும் கருப்பு ஒன்றிலேயே அமைத்துவிட்டால், மொழி மாறும்போது மாற்ற வேண்டியது கருப்பு உருளை ஒன்றே. பன்மொழி நாடுகளுக்குப் பண்டம் அனுப்பும் அச்சகத்தார் இவ்வழக்கத்தை நெடுங்காலமாகக் கையாள்கின்றனர். அயல்நாட்டுக்கு அனுப்ப அறிந்த வழி உள்நாட்டுக்கு மறந்துபோவானேன்?

அவ்வொற்றை உருளையும் வேண்டாத காலம் இப்போது வந்துவிட்டது. கணினியிலிருந்து நேரே படலத்தில் அச்சிடும் எண்ணிம அச்சுக்கு உருளையே இல்லை. 2011-இல் ஆத்திரேலியாவில் கொக்கோகோலா குழுமம் அந்நாட்டில் மிகுதியாக வழங்கும் 150 ஆட்பெயர்களைப் புட்டிச் சீட்டுகளில் அச்சிட்டு விற்றது. 2017-இல் இத்தாலியில் நுட்டெல்லா என்னும் தடவுணவின் 70 இலக்கம் புட்டிகளுக்கு, ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாதபடி 70 இலக்கம் வெவ்வேறு உறைகளைக் கணினியே வரைந்து அச்சிட்டனர். விளையாட்டுக்காக எழுபது இலக்கம் வேறுபாடு செய்ய வல்ல தொழில்நுட்பம், ஏழுகோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தமிழ்நாட்டுக்காக ஒரே ஒரு வேறுபாடு செய்ய வலியற்றது என்பதை யார் ஏற்பார்?

தவறு முழுதும் வடக்கிருந்தும் கடல்கடந்தும் வருவோர் மீதே என்று சொல்லிவிட்டால் அது நேர்மை ஆகாது. ஈரோட்டு மஞ்சளையும் திண்டுக்கல் பூட்டையும் விருதுநகர் மல்லியையும் பொதிசெய்பவர் தமிழரே. தமிழ் வேண்டா என்று அவர் கையை யாரும் பிடிக்கவில்லை. விதியிலுள்ள அந்தக் 'கூடுதலாக' என்னும் சொல்லே அவர்க்கு இன்றும் வாயில் திறந்துதான் வைத்திருக்கிறது. ஆயினும் பாருங்கள்: தொலைக்காட்சியில் அப்பண்டத்துக்குத் தமிழிற் பாட்டு, தமிழிற் கூத்து, தமிழிற் பாட்டியின் வாழ்த்து. உறையின் முகத்தில் பெயர்மட்டும் பெரிய தமிழெழுத்தில். அதுவும் 'டர்மரிக் பவுடர்' என்று! எழுத்து தமிழ், சொல் ஆங்கிலம். உறையின் முதுகைத் திருப்பினால் எழுத்தும் ஆங்கிலம். பணம் கேட்கும்போது தமிழ். கணக்குச் சொல்லும்போது ஆங்கிலம்.

சொல் இல்லை என்பது அவர்களின் கடைசிச் சாக்கு. சொற்களை இங்கேயே எடுத்துக்கொள்ளட்டும். உள்ளே சேர்த்தவற்றைச் சொல்லச் சேர்பொருள்கள். உறை நீங்கிய எடைக்கு உள்ளெடை. செய்த நாள், பொதிந்த நாள். அதற்குமேல் பயன்படுத்தலாகாது என்பதற்குத் தாங்குநாள் அல்லது 'இந்நாளுக்குள் பயன்படுத்துக'. ஒரே முறையிற் செய்தவற்றைக் குறிக்கத் தொகுதி எண். எல்லா வரிகளும் உட்பட மேல்வரம்பு விலை. 'ஈரமும் வெயிலும் படாமல் வைக்க'. 'நன்கு குலுக்கியபின் பயன்படுத்துக'. 'குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க'. இவற்றுள் எதுவும் அகராதி தேடிப் படிக்க வேண்டியதன்று. ஐந்தாம் வகுப்பு மாணவி படித்துத் தன் பாட்டிக்குச் சொல்லிவிடுவாள்.

கருதத்தக்க உண்மைச் சிக்கல் ஒன்றே ஒன்று. தமிழெழுத்துக்கு வளைவும் சுழியும் மிகுதி. ண, ஞ, ணை போன்றவற்றை ஆங்கில எழுத்தின் அளவுக்குச் சுருக்கி வழுவழுப்பான படலத்தில் ஒற்றும்போது சுழிக்குள் மை நிறைந்து எழுத்து குருடாகிவிடும். ஒரே செய்தி தமிழில் சற்று நீளும் என்பதும் மெய். இதற்கு வழி, சுழியைத் திறந்து விட்டு, கோட்டின் தடிப்பைக் குறைத்து, சிற்றளவுக்கென்றே எழுத்துருக்கள் வரைவது. தமிழில் எழுத்துரு வரையும் இளைஞர் இன்று பலர் உளர். திருமண அழைப்புக்கும் திரைப்படப் பெயருக்கும் அழகழகாக வரைகின்றனர். உறையின் முதுகிற் படியும் எழுத்துக்கும் அவர் கை வரட்டும். சிவகாசி அச்சகத்தார் அவ்வெழுத்தை வாங்கிப் படலத்தில் ஒற்றிச் சோதிக்கட்டும். உறை அச்சுக்குப் போகுமுன் அறுபது அகவை கடந்த ஒருவர் கையில் அதனைக் கொடுத்து, கடைக்குள் இருக்கும் மங்கிய வெளிச்சத்தில் தாங்குநாளைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். எழுத்து எத்துணைப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லிவிடுவார்.